பையில் இருக்கும் சர்க்கரையும் அம்மாவின் கருவாடும்

தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ்: சிறுநீரகத்தின் வேலைக்குப் பதிலாக, பையில் இருக்கும் சர்க்கரைத் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, கழிவோடும் உடம்பின் அதிக நீரோடும் திரும்ப வெளியே எடுப்பது. ஒரு நாளைக்கு நாலு பை, ஒவ்வொன்றும் 2 லிட்டர். எங்களுக்கு வரும் பையில் வளையம் மஞ்சள் என்றால் சர்க்கரை 1.5 சதவீதம், பச்சை 2.5, சிவப்பு 4.25. காலில் நீர் கோத்தால் சிவப்பு போடுவோம், நீரை நன்றாக இழுத்துவிடும். அதுவே அம்மாவுக்குத் தைரியமாகிவிட்டது: நெத்திலிக் கருவாடு, அப்புறம் தாகம், அப்புறம் செம்பு செம்பாகத் தண்ணீர், ராத்திரி ஆனால் “சிவப்பைப் போடுடா”. மதுரை டாக்டர் இதைக் கேட்டதும் அம்மாவை ஒரு பிடி பிடித்துவிட்டார். பையைச் சூடாக்கிக் கிருமி நீக்கும்போதே அந்தச் சர்க்கரை கொஞ்சம் சிதைந்துபோகிறதாம், அந்தச் சிதைவுப் பொருளும் சர்க்கரையும் திரவத்தின் அமிலத்தன்மையும் சேர்ந்து, கிருமியே இல்லாமல் வயிற்று உள்சவ்வில் அழற்சியை உண்டாக்குமாம். வருஷக்கணக்கில் இப்படியே போனால் சவ்வு தடித்து, புது ரத்தக்குழாய்கள் முளைத்து, உள்ளே விட்ட சர்க்கரையை ரத்தம் சீக்கிரமே உறிஞ்சிவிடும். அப்புறம் சிவப்புக்கும் நீர் வராது. இப்போது உப்பைக் குறைத்து, மஞ்சளிலேயே ஓட்டப் பார்க்கிறோம். வீட்டில் தினமும் சண்டைதான்.

—

தம்பி, நான் கீழக்கரை. வாப்பாவுக்கு ராத்திரி பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின், 7.5 சதவீதம். சோளமாவில் இருந்து எடுப்பது, சீக்கிரம் ரத்தத்துக்குள் போகாது, அதனால் விடியும்வரை நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். விலைதான் கடி. சுகர் உள்ளவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பை போடுகிறவர்களுக்குச் சில சுகர் மிஷின்கள் இல்லாத சுகரைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் ஆபத்து. உங்கள் மிஷினுக்கு எந்த ஸ்ட்ரிப் என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

—

டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன், ராமநாதபுரம். மேலே சொன்னது மெதுவாக வருகிற அழற்சி, கண்ணுக்குத் தெரியாது. வெளியே வரும் நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தால் அது வேறு, கிருமித் தொற்று என்றே நினைத்துக் கிளம்புங்கள், வயிற்று வலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நீரைச் சோதித்து, ஒரு மைக்ரோ லிட்டரில் வெள்ளை அணுக்கள் 100க்கு மேல், அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளை அணு) என்றால் ஆன்டிபயாடிக்கைப் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே விடுவார்கள். ஆடி மாசம் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வருகிற ஊர் நம்முடையது, பை மாற்றும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் அப்படியே கொண்டு வாருங்கள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அதுதான் வேண்டும்.