ஆட்டிசம் பற்றிப் படிக்க நல்ல புத்தகங்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால் அதே கேள்வியை, அதே ராகத்தில், அப்படியே திருப்பிச் சொல்வான். 'வேண்டும்' என்பதை அவன் இப்படித்தான் சொல்கிறான் என்று பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். இதுபோல் விளக்கும் புத்தகங்கள்தான் எனக்கு வேண்டும்.

டெம்பிள் கிராண்டின், ரிச்சர்ட் பானெக்குடன் சேர்ந்து எழுதிய 'தி ஆட்டிஸ்டிக் பிரெயின்' (2013) படித்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டிசம் உள்ள ஒருவரே தன் மூளை ஸ்கேன்களைப் பற்றிப் பேசுவது பிடித்திருக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளையோடு அன்றாடம் பழக அது மட்டும் போதாது.

முதல் சில ஆண்டுகளில் நரம்பு இணைப்புகள் பெருகி, பயன்படாதவை பின்னர் கழிவதைப் பற்றி எளிமையாக எழுதிய நூல் ஏதேனும் உண்டா? தூக்கக் குறைவு, மலச்சிக்கல், இரண்டு மூன்று உணவுகளைத் தவிர வேறெதையும் தொடாத பிடிவாதம் ஆகியவற்றையும் பேசினால் நல்லது. தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. பகலில் அவனைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார்.

தயவுசெய்து 'முழுமையாகக் குணமாக்குவோம்' வகை நூல்கள் வேண்டாம். தடுப்பூசிதான் காரணம் என்பவையும் வேண்டாம். அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தாயின் வளர்ப்பைக் குறைசொல்லும் பழைய புத்தகங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள். அவன் தூங்கும் நேரம்தான் எனக்குப் படிக்கும் நேரம்.