ஜாஷ் ஆலனை நீங்கள் எப்போது நம்ப ஆரம்பித்தீர்கள்? பஃபலோ பில்ஸ் ரசிகர்களின் அனுபவங்கள்

ஆம்ஹர்ஸ்ட், பஃபலோ:

அமெரிக்கக் கால்பந்தில் (என்.எஃப்.எல்) வேறு அணிகளை ஆதரிக்கும் நண்பர்கள் சிலர் இந்த சீசனில் ஒரு இளம் குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வைத்துக்கொண்டு வாராவாரம் தவிக்கிறார்கள். ஒரு வாரம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அடுத்த வாரம் மாற்று ஆளை இறக்கு என்கிறார்கள். இதெல்லாம் பில்ஸ் ரசிகர்களான நாம் ஆலனோடு கடந்து வந்ததுதானே, அதனால் நம் ஆட்கள் அவரவர் அனுபவத்தை இங்கே எழுதினால் அவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் என் கதை. ஜிம் கெல்லி ஓய்வு பெற்ற பிறகு எத்தனை குவாட்டர்பேக்குகளைப் பார்த்துவிட்டது இந்த ஊர்: பிளெட்சோ, லாஸ்மன், எட்வர்ட்ஸ், ஃபிட்ஸ்பாட்ரிக், முதல் சுற்றில் எடுத்த இ.ஜே. மேனுவல், டைராட் டெய்லர். 17 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) இல்லை. அப்படிப்பட்ட ஊரில் 2018 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) 12வது இடத்திலிருந்து 7வது இடத்துக்கு ஏற, தாம்பா பே அணிக்கு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்து ஆலனை எடுத்தார்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆடியபோதே அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் சேர வேண்டிய கைக்குப் போய்ச் சேர்ந்தது. கை பலம் பயங்கரம், குறி மோசம். முதல் சீசனில் அது 52.8 சதவீதமாக இறங்கியது, 10 டச் டவுன் (எதிரணிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி), 12 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது). இதைப் பார்த்துவிட்டு ஒருவர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்லவே முடியாது.

அந்த வருடம் மினசோட்டாவை அவர்கள் ஊரிலேயே 27-6 என்று வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். பந்தயக்காரர்கள் 16 புள்ளிக்கு மேல் தோற்போம் என்று வைத்திருந்த ஆட்டம், ஆந்தனி பார் என்ற அத்தனை பெரிய லைன்பேக்கரின் (தடுப்பாட்டக்காரர்) தலைக்கு மேலே ஆலன் தாவிப் போனார். கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் எனக்கு நம்பிக்கை அதில் வரவில்லை. அது தைரியம், குவாட்டர்பேக் வேலையில் தைரியம் ஒரு பகுதிதான். என்னைப் பொறுத்தவரை முதல் ஆண்டு டிசம்பர் 30, மயாமியுடன் கடைசி ஆட்டம். நெடுங்காலம் நமக்கு ஆடிய தடுப்பாட்டக்காரர் கைல் வில்லியம்ஸ் ஓய்வு பெற்ற நாள், மைதானமே அழுதுகொண்டிருந்தது, 42-17 என்று ஜெயித்தோம். ஆலன் மூன்று டச் டவுன் எறிந்தார், இரண்டு அவரே ஓடினார். அன்றைக்கு ஊர் முழுக்க ஒரு மூத்த வீரரை வழியனுப்புகிற மனநிலையில் இருந்தபோது இந்தப் பையன் அடுத்த பத்து வருடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான் என்று எனக்குப் பட்டது.

சரி, உங்களுக்கு எப்போது?

ராச்செஸ்டர்:

அண்ணா, நான் ஆட்டத்தைச் சொல்லப் போவதில்லை, பயிற்சி முகாமைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பிட்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான் ஃபிஷர் கல்லூரியில்தான் அப்போது கோடை முகாம் நடக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். 2019 முகாமில் நான் கவனித்தது அவருடைய கால்களை.

முதல் வருடம் அவர் எறிந்ததை நினைத்துப் பாருங்கள். ஐந்து யார்டு தள்ளி நிற்கிற ரன்னிங் பேக்குக்கும் (பந்தோடு ஓடுபவர்) அறுபது யார்டு பந்து மாதிரியே முழுபலத்தோடு எறிவார், பக்கத்தில் இருப்பவர் ஒரு வாய் தண்ணீர் கேட்டால் குடத்தோடு தூக்கி வீசுகிற மாதிரி. பிடிக்க வேண்டியவரின் விரலில் பட்டுத் தெறிக்கும். முகாமில் அவர் திரும்பத் திரும்பச் செய்தது அந்தக் குட்டி எறிதல்களைத்தான். எங்களுக்குக் கை தட்டத் தோன்றும்படி எதுவுமே இல்லை, பார்க்கக் கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது. அதே சீசனில் பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களான கோல் பீஸ்லி, ஜான் பிரவுன் இருவரையும் கொண்டுவந்திருந்தார்கள், பீஸ்லி குறுகிய தூரத்தில் சட்டென்று திரும்பி நிற்கிற ஆள், அவருக்குப் போடுகிற பந்தில் வேகத்தைவிட நேரம்தான் முக்கியம். அந்த சீசன் 58.8 சதவீதம், 20 டச் டவுன், 9 இன்டர்செப்ஷன். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் போன வருடம் எது மோசமோ அதுதான் திருந்தியிருந்தது, எனக்கு அது போதும்.

நீளமான பந்துகள் மட்டும் அப்போதும் சரியில்லை. அடுத்த கோடையில் ஜார்டன் பாமர் என்ற பயிற்சியாளரோடு உட்கார்ந்து, உடல் அசைவைப் படம்பிடித்து அளக்கிற கருவியெல்லாம் வைத்து, இடுப்பும் காலும் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்துச் சரிசெய்தார்கள். நரம்பிலேயே ஊறிப்போன பழக்கத்தை இருபத்து நான்கு வயதில் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று வீணை கற்றுக்கொடுக்கும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் ஒரு குறையை எடுத்துக்கொண்டு வேலை செய்கிற பையனை நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

ஸ்கார்பரோ, டொரோண்டோ:

அக்கா சொன்னது நல்ல விஷயம். எனக்கு ஆட்டம்தான். நாங்கள் 2008 இலிருந்து ரோஜர்ஸ் சென்டரில் பில்ஸ் வந்து ஆடின காலத்திலேயே பிடித்துக்கொண்ட ஆட்கள், அதுக்குப் பிறகு கியூ.இ.டபிள்யூ நெடுஞ்சாலையில் ஓடி எல்லை தாண்டி ஆர்ச்சர்ட் பார்க் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

2019 நன்றி நாள், டாலஸ். நாடே பார்க்கிற ஆட்டம், எங்கள் அணிக்கு அப்படி ஒரு மேடை கிடைப்பதே அபூர்வம். நாலாவது டவுன், அதாவது பத்து யார்டு கடக்கக் கிடைக்கிற நாலு முயற்சியில் கடைசி, இன்னும் ஒரு யார்டு வேண்டும். பந்து கையில் நிற்காமல் கீழே விழுந்துவிட்டது. முடிந்தது என்று வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்தோம். ஆலன் குனிந்து எடுத்து, எதிரே நிற்கிற கூட்டத்துக்குள்ளேயே தலையை விட்டு அந்த யார்டை எடுத்தார், பிறகு பந்து எங்கள் கையில் இருந்த அதே தொடரில் பீஸ்லிக்கு டச் டவுன். 26-15. அன்றைக்கு என் தகப்பனார் கேட்டார், இந்தப் பொடியன் யார் என்று. அவர் கிரிக்கெட் தவிர வேறொன்றும் பார்க்காத மனிதர்.

ஆனால் ஐந்து வாரம் கழித்து ஹூஸ்டன். அதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இது நேர்மையான பகிர்வு ஆகாது. 16-0 என்று முன்னால் நிற்கிறோம், பிளேஆஃப். கடைசிக் கட்டத்தில் ஓடிக்கொண்டே பிடிபடுகிறபோது பந்தை சக வீரர் டாசன் நாக்ஸ் பக்கம் பின்னால் எறிகிறார், ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் நானே இந்த நிமிடமே முடிப்பேன் என்கிற ஆட்டம் அது. கூடுதல் நேரத்தில் 22-19 என்று தோற்றோம். அடுத்த நாள் வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. அந்த இரவில் எனக்கு அவர் மீது கோபம் வந்தது, நம்பிக்கை போகவில்லை, ஏனென்றால் அவர் பயந்து விளையாடித் தோற்கவில்லை. அதிகம் செய்கிறவனை அடக்கிப் பழக்கலாம், பயப்படுகிறவனை ஒன்றும் செய்ய ஏலாது. எங்கள் குழுவில் பாதிப் பேர் இதை ஏற்க மாட்டார்கள், பரவாயில்லை.

2020 இல் எல்லை மூடிக்கிடந்தது. எங்கள் அணி இத்தனை வருடத்தில் மிக நன்றாக ஆடின சீசனை வீட்டிலிருந்து தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

செக்டோவாகா, பஃபலோ:

நான் குழந்தைகள் வார்டு செவிலியர். ஆட்ட நுணுக்கம் எனக்கு அவ்வளவு தெரியாது, கணவர்தான் பைத்தியம். 2020 நவம்பரில் ஆலனுடைய பாட்டி பாட்ரிசியா இறந்துபோனார், அதற்கு மறுநாளே சியாட்டிலோடு ஆட்டம். 415 யார்டு எறிந்தார், 44-34. ஆட்டம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். அப்புறம் ரசிகர்கள் யாரும் கேட்காமலேயே ஓய்ஷை குழந்தைகள் மருத்துவமனைக்கு அவருடைய சட்டை எண்ணுக்காகப் பதினேழு பதினேழு டாலராக அனுப்ப ஆரம்பித்தார்கள். பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது, அங்கே ஒரு பிரிவுக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார்கள்.

கடன் வாங்கியாவது டிக்கெட் எடுக்கிற ஊர் இது, பணக்கார ஊர் இல்லை. இந்த ஊர் ஒருவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது என்று நான் உணர்ந்தது அந்த வாரம்தான். அந்த டிசம்பரில் டென்வரில் 48-19 என்று ஜெயித்து 1995க்குப் பிறகு முதல்முறையாக டிவிஷனில் (நம் பிரிவில்) முதலிடம் பிடித்தபோது நள்ளிரவில் விமான நிலையத்துக்கு ஓடிய கூட்டத்தில் எங்கள் வீட்டுக்காரரும் ஒருவர். தொற்றுக் காலத்தில் அப்படிக் கூடியது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கான்சாஸ் சிட்டி (நான் அவர்கள் ரசிகன் இல்லை, வேலைக்காக இங்கே இருக்கிறேன்):

நான் கணக்குப் பார்க்கிற ஆள். 2020இல் 69.2 சதவீதம், 4,544 யார்டு, 37 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன். இதற்கு முன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று இருந்தேன், ஏனென்றால் 52இல் ஆரம்பித்து மூன்றே ஆண்டில் 69க்கு வருவது இந்த லீகில் கிட்டத்தட்ட நடக்காத விஷயம். அதில் பாதிப் பங்கு ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்ததற்கு என்பேன். அவருக்காக அந்த ஆண்டு முதல் சுற்றுத் தேர்வையே மினசோட்டாவுக்குக் கொடுத்தார்கள்.

முழுசாக நம்பினது 2022 ஜனவரியில், இதே ஊரில், தோற்ற ஆட்டத்தில். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் கேப் டேவிஸுக்கு இரண்டு டச் டவுன். 13 நொடி மிச்சம் இருக்கும்போது முன்னால் நின்றோம், கூடுதல் நேரத்தில் ஆலன் கையில் பந்தே வராமல் 42-36 என்று முடிந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு பிளேஆஃப் கூடுதல் நேர விதியையே மாற்றினார்கள். ஹூஸ்டனில் கடைசி நிமிடங்களில் தடுமாறிய அதே ஆள் இங்கே ஒரு பந்தைக்கூட அவசரப்பட்டு எறியவில்லை.

ஆம்ஹர்ஸ்ட், பஃபலோ:

எல்லோருக்கும் நன்றி. கிளீவ்லாந்து நண்பர் ஒருவர் தனியாகக் கேட்டார்: பொறுமையாக இருந்தால் எல்லோரும் ஆலன் ஆகிவிடுவார்களா என்று. இல்லை. அதே 2018 டிராஃப்டில் மூன்று இடம் தள்ளி 10வதாக ஜாஷ் ரோசனை அரிசோனா எடுத்தது. முதல் சீசன் பாதியிலேயே ஆட்டம் வகுக்கும் பயிற்சியாளரை நீக்கினார்கள், சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள், அடுத்த டிராஃப்டில் கைலர் மர்ரியை எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பினார்கள். ஆலனுக்கு முதல் நான்கு ஆண்டும் பிரையன் டேபால்தான் ஆட்டம் வகுத்தார், ஷான் மெக்டர்மாட்தான் தலைமை. 2019இல் தடுப்பு வரிசையையும் ரிசீவர்களையும் வாங்கித் தந்தார்கள், 2020இல் டிக்ஸ்.

அதனால் உங்கள் பையனைப் பற்றிக் கேட்கிறவர்கள் அவர் எத்தனை இன்டர்செப்ஷன் போட்டார் என்பதோடு இதையும் எழுதுங்கள்: போன வருடத்து ஆட்டத் திட்டக்காரரே இந்த வருடமும் இருக்கிறாரா, சென்ற சீசனில் எந்த எறிதலில் தப்பு செய்தார், இந்த சீசனிலும் அதிலேயேதான் செய்கிறாரா. அதைச் சொன்னால் இங்கே இருப்பவர்கள் உட்கார்ந்து பேசத் தயார்.