பஞ்சு எடுத்தாச்சு, வேகம் மட்டும் வரவில்லை

வணக்கமுங்க. சோமனூர் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்குடோன். கூலிக் கணக்கும் பையன் படிப்பும் ஒரே கம்ப்யூட்டரில்தான். ஆன் செய்தால் வேலைக்கு வர ஏழு நிமிடம் ஆகிறது. தீபாவளிக்கு முன்பு இரண்டே நிமிடம்.

2015இல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

முதலில் சூடாகி அதுவாகவே அணைந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், பிராசசர் ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகள் மேல் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கிறது. பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தேன். பிராசசர் மேல் சூடு கடத்தத் தடவும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிது வைத்தேன். 92 டிகிரி காட்டியது இப்போது 58. அணைவது நின்றுவிட்டது, வேகம் வரவில்லை.

அப்புறம் ஸ்டார்ட்அப் புரோகிராம்களை நிறுத்தினேன், டெம்ப் ஃபைல்களை அழித்தேன், டிஸ்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக் ராத்திரி முழுக்க ஓடியது (கரண்ட் போகாததே அதிசயம்). டாஸ்க் மேனேஜரில் டிஸ்க்கின் வேலைப்பளு இன்னும் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. டிஸ்க் நிலைமையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராம் மஞ்சளில் எச்சரிக்கை காட்டுகிறது, ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகள்) வரிசையில். கணக்கை பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். கடைக்காரர் புதிதே வாங்கச் சொல்கிறார். அவர் வேறென்ன சொல்வார்.

இந்தப் பழைய போர்டில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டால் இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாமுங்களா?