மூச்சுக்குழாய் நுண்மயிர் மரபணு இதயத்தைப் பாதிப்பது எப்படி?

மலர்விழி:
வணக்கம். என் மகனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் சிக்கலான குறைபாடு உள்ளது. வயிற்று உறுப்புகளும் இடம் மாறியுள்ளன, சளியும் ஓய்வதில்லை. சோதனையில் டி.என்.ஏ.எச்.11 மரபணுவின் இரு படிகளிலும் (நகல்களிலும்) பழுது தெரிந்தது. மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை அசைக்கும் டைனீன் என்ற இயக்குப் புரதத்துக்கான மரபணு என்கிறார்கள். அதற்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு படியில் மட்டும் பழுதுள்ள மூத்த மகளுக்கும் இதயநோய் வருமா?

இளங்கோ (உயிரியல் ஆசிரியர்):
சகோதரி, கருவின் மூன்றாம் வாரத்தில், இதயம் நேரான குழாயாக உருவெடுக்கும் முன்பே, இடம் வலம் தீர்மானமாகத் தொடங்குகிறது. அப்போது கருவிலுள்ள ஒரு சிறு குழியில் நுண்மயிர்கள் சுழன்று நீரை இடப்புறம் தள்ள, அந்த ஓட்டத்தை உணர்ந்தே இடப்பக்க மரபணுக்கள் விழிக்கின்றன. டைனீன் பழுதானால் ஓட்டம் நின்று, பக்கம் தற்செயலாக அமைகிறது. 1959-இல் விவரிக்கப்பட்ட ஒரு வகைச் சுண்டெலிகளில் ஏறத்தாழப் பாதிக்கு உறுப்புகள் தலைகீழாக இருந்தன; காரணம் இதே வகை டைனீன் என்பது 1997-இல் தெரிந்தது. என்னை இன்றும் வியக்க வைப்பது 2002-இல் ஜப்பானில் நடந்த சோதனை: எலிக்கருவின் மீது செயற்கையாக வலப்புறம் நீரோட்டம் செலுத்தியதும் அதன் இடவலமே மாறிவிட்டது.

கயல்விழி (மரபியல் ஆலோசகர்):
மகளைக் குறித்து அஞ்ச வேண்டாம், அம்மா. இது இரு படிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய். ஒரு படி நன்றாக இருந்தால் போதும். பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுதுப் படி இருப்பின், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இங்கு பேசப்படுவது மாரடைப்பு அன்று, இதயத்தின் அமைப்புக் குறைபாடு. உறுப்புகள் அனைத்தும் கண்ணாடிப் பிம்பமாக மாறியவர்களின் இதயம் பெரும்பாலும் நன்றாகவே இயங்கும். சில மாறி, சில மாறாமல் நிற்கும்போதுதான் இரத்தக் குழாய்கள் தவறான அறைகளில் இணைகின்றன.

செந்தில் (குழந்தைகள் நலம்):
அறுவை சிகிச்சை நடக்குமானால், நுண்மயிர்க் கோளாறு இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள்; இத்தகைய குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன. சளியை வெளியேற்றும் மார்புப் பயிற்சியை நாள்தோறும் விடாமல் செய்ய வேண்டும். இந்த மரபணு பழுதானவர்களின் நுண்மயிர், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இயல்பாகவே தோன்றும். ஆகவே, அந்த அறிக்கையில் 'குறையில்லை' என்று வந்தாலும் மரபணு முடிவைப் புறந்தள்ளிவிடாதீர்கள்.