ஸ்டென்ட் எடுத்த பிறகு கிரியேட்டினின் ஏறுது, அப்பாவுக்கு வலியே இல்லை

சங்கரன்கோவில் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 56 வயசு. பங்குனியில மதுரையில கிட்னி மாத்தினோம், அம்மா கொடுத்தாங்க. யூரின் குழாய் அடைக்காம இருக்க ஆபரேஷன்ல உள்ள வச்ச சன்னக் குழாயை, அதான் டிஜே ஸ்டென்ட்டை, போன மாசம் எடுத்துட்டாங்க. கிட்னி சரியா வடிகட்டலேன்னா ரத்தத்துல ஏறுற கழிவு கிரியேட்டினின், அதுவரைக்கும் 1.2-லயே நின்னுச்சு. நேத்து இங்க லேப்ல பார்த்தா 2.1. யூரின் அளந்து எழுதுற நோட்டுல ரெண்டரை லிட்டர் இருந்தது, இப்ப ஒண்ணேகால்தான். கால்ல லேசா வீக்கம். காய்ச்சல் இல்ல, வலி துளிகூட இல்ல. "வலி இல்லேன்னா ஒண்ணுமில்ல, வெயிலுக்குத் தண்ணி பத்தல"ங்காரு மாமா. அத்தை நெருஞ்சில் கஷாயம் காச்சிக் கொண்டாந்துட்டாங்க. ரிவியூ அடுத்த வாரம். அதுவரை பொறுக்கலாமா?

அம்பை அண்ணாச்சி:
தங்கச்சி, பொறுக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டு இந்த நம்பரைச் சொல்லிட்டு, ராஜபாளையம் வழி பஸ்ஸோ காரோ பிடிச்சுக் கிளம்புங்க. அத்தை மனசு நோகாம கஷாயத்தை ஓரமா வச்சிருங்க.

வலி இல்லேங்கதுதான் எனக்குப் பயமா இருக்கு. சொந்தக் கிட்னியில அடைச்சா மனுஷன் துடிச்சிருவான். மாத்தி வைக்கும்போது ரத்தக்குழாயைத் தைக்காங்க, யூரின் குழாயைத் தைக்காங்க, நரம்பைத் தைக்கதில்ல. உள்ள யூரின் தேங்கிக் கிட்னி வீங்கினாலும் பெரும்பாலும் வலி தெரியாது. காட்டிக்கொடுக்கது அந்த நம்பரும் உங்க நோட்டும்தான். அந்த நோட்டை விடாம எழுதின உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்.

எனக்கு அக்கா கொடுத்த கிட்னி. ஸ்டென்ட் எடுத்தப்புறம்தான் எனக்கும் ஏறிச்சு. புதுக் கிட்னியோட யூரின் குழாய்க்கு ரத்தம் கிட்னி பக்கமிருந்து மட்டும்தான் வருது. மூத்திரப்பையில தச்ச முனைக்குப் போகும்போது, கடைமடை வயலுக்குத் தண்ணி எட்டாத மாதிரி ஆயிரும். அங்கதான் தழும்பாகிச் சுருங்கும். ஸ்டென்ட் உள்ள இருக்க வரைக்கும் வழி திறந்திருக்கதால தெரியாது. ஸ்கேன்ல வீக்கம் தெரிஞ்சதும் அடிவயித்துத் தோல் வழியா கிட்னிக்குள்ள ஒரு சன்னக் குழாய் விட்டுப் பையில வடிச்சாங்க. பிசிஎன்னு சொல்லுவாங்க. மரத்துப்போற ஊசிதான். கிரியேட்டினின் மளமளன்னு இறங்கிட்டு. அப்புறம் பலூன் வச்சு விரிச்சாங்க, திரும்பவும் சுருங்கிட்டு. கடைசியில ஆபரேஷன் பண்ணிக் குழாயைப் புதுசாத் தச்சாங்க. இப்ப நல்லா இருக்கேன்.

அப்பாவுக்கும் இதேதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். உடம்பு புதுக் கிட்னியை ஏத்துக்காம ரிஜெக்‌ஷன் வந்தாலும், அதைத் தடுக்கச் சாப்பிடுற டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்துல கூடினாலும் இப்படித்தான் ஏறும். அதனால காலை டாக்ரோலிமஸைக் கையோட கொண்டுபோய், லெவலுக்கு ரத்தம் எடுத்த உடனே கொடுங்க. அதுக்காக ஒரு வேளையும் விட்டுறக் கூடாது. யார் சொன்னாலும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை வேண்டாம்.

பாளை சிஸ்டர்:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. அப்பா ரொம்ப நாள் டயாலிசிஸ்ல இருந்து யூரினே இல்லாம இருந்தாங்களா? அப்படி இருந்த ஆம்பளைங்களுக்கு புராஸ்டேட் வீக்கம் முன்ன தெரியாது. புதுக் கிட்னி யூரினைக் கொட்ட ஆரம்பிச்சதும்தான் தடங்கல் தெரியும். யூரின் போன பிறகு மூத்திரப்பையில எவ்வளவு மிச்சம் நிக்குதுன்னும் ஸ்கேன்ல பாக்கச் சொல்லுங்க. கிட்னியைச் சுத்தித் தண்ணி கட்டியிருந்தா ஊசியில எடுத்து அதோட கிரியேட்டினினைப் பார்ப்பாங்க. ரத்தத்துல இருக்கதைவிட ரொம்பக் கூட இருந்தா யூரின் கசியுதுன்னு அர்த்தம், ரத்த அளவுக்கே இருந்தா நிணநீர்.

சங்கரன்கோவில் மகள்:
அன்னைக்கு ராத்திரியே போயிட்டோம். கிட்னி வீங்கித்தான் இருந்துச்சு. பிசிஎன் வச்சாங்க, யூரின் கொட்டுச்சு. இன்னைக்கு 1.5. மாமா வெளியில பெஞ்சுலயே உக்காந்திருக்காரு. பலூனா ஆபரேஷனான்னு சாயம் விட்டுப் படம் எடுத்த பிறகு சொல்லுதாங்களாம்.

அம்பை அண்ணாச்சி:
வயித்துல பால வார்த்தீங்க தங்கச்சி. சுருக்கம் சின்னதா, சீக்கிரமே கண்டதா இருந்தா பலூன்ல சரியாக வாய்ப்பு உண்டு. நீளமா இருந்தா ஆபரேஷன்தான். சிலருக்கு அவங்க பழைய சொந்த யூரின் குழாயையே எடுத்துப் புதுக் கிட்னியோட இணைப்பாங்க. பிசிஎன் வடியுற பை எப்பவும் கிட்னிக்குக் கீழயே தொங்கணும். தூக்கத்துல குழாய் மடங்காமப் பாருங்க. முதல்ல லேசா ரோஸ் கலர்ல வரும், பயப்படாதீங்க. கட்டி கட்டியா ரத்தம் வந்தாலோ, குளிரோட காய்ச்சல் வந்தாலோ, பையில சொட்டாம நின்னாலோ உடனே நர்ஸைக் கூப்பிடணும்.

இத்தனை ஓட்டத்துல அம்மாவை விட்டுறாதீங்க. கொடுத்தவங்களுக்கும் வருசா வருசம் பிரஷர், கிரியேட்டினின், யூரின்ல புரோட்டீன் பாக்கணும். அவங்க செக்கப் தேதி என்னைக்குன்னு அங்க இருக்கும்போதே கேட்டு எழுதிக்கோங்க.