பாலத்துல 80ல போனா குத்தமா?

பிறை_பையன்: மலேசியா பினாங்குல, பிறையிலேர்ந்து தீவு பக்கம் இருக்குற பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு தினம் பினாங்கு பாலம்தான், ஸ்பீட் லிமிட் மணிக்கு 80 கிலோமீட்டர், நானும் நடு லேன்ல 80லயே போறேன், இன்னிக்கு ஒரு பிக்கப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்தான் பாருங்க, கண்ணாடில அவன் லைட்டு கூட தெரியல, பானட்டு மட்டும்தான். கிட்ட வர்றதுக்கு முன்னாடி ஹை பீம் வேற அடிச்சான். வலது லேன் காலியாதான் கெடக்கு! இவனுங்கள என்னதான் பண்றது?

மைவிகாரி: வேணும்னு பிரேக் மட்டும் அடிக்காதீங்க அண்ணே, என் மச்சான் அப்படி பண்ணி பம்பர் போச்சு. சிக்னல் போட்டு இடது பக்கம் ஒதுங்கிடுங்க, போய் தொலையட்டும்.

பழைய_டிரைவர்: 80ல போனா ஒரு செகண்டுக்கு காடி (கார்) 22 மீட்டர் ஓடும் தம்பி. ரெண்டு செகண்ட் கேப்னா 44 மீட்டர், மழைன்னா அதுக்கும் மேல விடணும். முன்னாடி காடி ஒரு விளக்குக் கம்பத்த தாண்டுனதும் எண்ணிப் பாருங்க, ரெண்டு எண்றதுக்குள்ள நீங்க அந்தக் கம்பத்துக்கு வந்துட்டா ரொம்ப கிட்ட போறீங்கன்னு அர்த்தம். பின்னாடி ஒருத்தன் ஒட்டுனா நான் முன்னாடி கேப்ப இன்னும் கூட்டிடுவேன், திடீர் பிரேக் தேவைப்படாது.

மைவிகாரி: கேப் விட்டா உடனே ரெண்டு மோட்டர் சைக்கிளும் ஒரு காடியும் நுழையுதே லா 😂

பிறை_பையன்: அதான்! சரி, நாளைக்கு இடது லேன்ல போய் பாக்குறேன். அந்த பிக்கப் எங்க பேக்டரி பார்க்கிங்லதான் நிக்குது, அத சொல்ல மறந்துட்டேன்.