சதாப்பு இலைச் சாறு: கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?

மேலூர் மருமகள்:
பிள்ளைக்கு நாலு மாதம். ஒரு வாரமாக மூக்கடைப்பு, சளி. பின்கட்டில் தொட்டியில் நிற்கும் சதாப்பு இலையைக் கசக்கித் தாய்ப்பாலில் இரண்டு சொட்டு கலந்து புகட்டச் சொல்கிறார் அத்தை. கொடுக்கலாமா?

உசிலைக்காரன்:
தாராளமாகக் கொடும்மா. சித்த மருத்துவத்தில் அருவதா என்பது இதுதான், பிள்ளைகளின் சளிக்கும் வலிப்புக்கும் பூச்சிக்கும் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள். காய்ந்த இலையைத் தணலில் போட்டுப் புகையும் காட்டுவோம். எங்க அப்பத்தா கையால் இதைக் குடித்து வளர்ந்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

திருநகர் நர்ஸ்:
அண்ணே, ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலும் டாக்டர் எழுதும் மருந்தும் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. இந்தச் சாறு மிஞ்சினால் வயிற்றுவலி, வாந்தி, ஈரலும் சிறுநீரகமும் கெடும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் இதன் குடும்பம்தான், ஆனால் இதன் சாற்றில் சொராலன் வகைச் சேர்மங்கள் அதிகம், சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் வெந்துபோகும். எங்கள் தெருவில் ஒரு அம்மா பங்குனி வெயிலில் இந்தச் செடியை வெட்டிவிட்டார், அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை, இரண்டு நாள் கழித்து இலை உரசிய இடமெல்லாம் கீற்றுக் கீற்றாகச் சிவந்து நீர் கோத்துக் கொப்புளம் போட்டது, அப்புறம் மாதக்கணக்கில் கருந்தழும்பு. கொசு அண்டாது என்று இதைப் பிள்ளை உடம்பில் தேய்க்கிறார்களே, பதறுகிறது. கர்ப்பிணிகள் வாயில் வைக்கவே கூடாது, கருப்பையைச் சுருக்கும். கருவைக் கலைக்க இதைக் குடித்துத் தாயே இறந்ததும் நடந்திருக்கிறது.

உசிலைக்காரன்:
கர்ப்பிணிக்கு ஆகாது என்று எங்கள் ஊர்க் கிழவிகளுக்கே தெரியும். எல்லாம் அளவில்தான் இருக்கிறது. பாராசிட்டமால் மிஞ்சினாலும் ஈரல் கெடும்தானே?

திருநகர் நர்ஸ்:
கெடும். அதனால்தான் பிள்ளையின் எடை பார்த்து கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்குப் போடுகிறார்கள். தொட்டிச் செடியில் இரண்டு சொட்டுக்கு என்ன கணக்கு?

கீழமாசி வீதி:
நாட்டு மருந்துக் கடையில் இருப்பவன் நான். சதாப்பு என்று நினைத்துச் சதகுப்பை கேட்பவர்கள் உண்டு, அது சோயிக்கீரை விதை, வேறு சரக்கு. எதற்கு என்று விசாரிக்காமல் கட்டித் தருவதில்லை. கைக்குழந்தைக்குப் புகையும் வேண்டாம், அடைத்த மூக்கில் புகை ஏறினால் திணறும்.

உசிலைக்காரன்:
சரி, நாலு மாதப் பிள்ளைக்கு வேண்டாம், விட்டுவிடுகிறேன். அதற்காகச் செடியையே விஷம் என்று பேசாதீர்கள். அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, வளர்ந்தவர்கள் அங்கே கேட்டுச் சாப்பிடட்டும்.

திருநகர் நர்ஸ்:
கேட்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. தங்கச்சி, இப்போதைக்கு டாக்டரைக் கேட்டு மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து வாங்கிப் போடு. பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.